மடி வற்றிய பின்னும்

நுழையும்முன்

காட்டு விலங்குகளைக் காக்கச் சரணாலயங்கள் இருப்பதை அனைவரும் அறிவர். ஏர் இழுத்த காளைக்கும் பால் சுரந்த பசுவுக்கும் முட்டையிட்ட கோழிக்கும் முதுமை வரும்போது புகலிடம் எது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. கைவிடப்பட்ட பண்ணை விலங்குகளைப் பேணும் காப்பகங்கள் தோன்றிய வரலாற்றையும், அவற்றின் அன்றாடப் பணியையும், அங்குச் செல்லும் மாணவர் உற்றுநோக்க வேண்டியவற்றையும் இப்பாடம் விளக்குகிறது.

இரண்டு ஊர்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழைச் சாரலில், விருதுநகர் மாவட்டத்தில் அருகருகே அமைந்துள்ளவை திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும். ஆண்டாளின் திருப்பாவையால் புகழ்பெற்றது திருவில்லிபுத்தூர். முப்பது பாடல்களைக் கொண்ட அந்நூலின் களமே ஆயர்பாடிதான். கறவைகளும் கன்றுகளும் உலவும் உலகம் அது. இன்றும் அவ்வூரின் பெயரைச் சொன்னவுடன் நினைவுக்கு வருவது பால்கோவா. பாலையும் சருக்கரையையும் அகன்ற கடாயில் இட்டு, அடிபிடிக்காமல் கிளறிச் சுண்டக் காய்ச்சி எடுக்கப்படும் அவ்வினிப்புக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அந்தக் கடாய்க்கு வந்துசேரும் பாலுக்குப் பின்னால் சுற்றுப்புறச் சிற்றூர்களின் தொழுவங்களும், விடியுமுன் எழுந்து கறக்கும் குடும்பங்களின் உழைப்பும் இருக்கின்றன.

பஞ்சாலைகளுக்குப் பெயர்பெற்ற இராசபாளையம் தன் பெயரை ஒரு நாயினத்திற்கும் தந்துள்ளது. வெண்ணிற மேனியும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட அந்த இனம் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டது. 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல்துறை நம் நாட்டு நாயினங்களுக்கு வெளியிட்ட அஞ்சல்தலைகளுள் ஒன்று இராசபாளையம் நாய்க்குரியது. தூய வெண்ணிறத்தை விரும்பித் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து பெருக்கியதன் விளைவாக, இவ்வினத்துக் குட்டிகளுள் சில செவிட்டுத்தன்மையுடன் பிறப்பதுண்டு. மனிதன் ஒரு பண்பை விரும்பித் தேர்ந்தெடுக்கும்போது அதன் விலையை விலங்கு தன் உடலால் செலுத்துகிறது. இந்த உண்மை பசுவுக்கும் கோழிக்கும் பொருந்தும்.

சரணாலயமும் காப்பகமும்

திருவில்லிபுத்தூரை அடுத்த மலைக்காடு, சாம்பல்நிற மலை அணில்களைக் காப்பதற்காக 1988ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு இப்பகுதி மேகமலையுடன் இணைக்கப்பட்டுத் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாக உயர்ந்தது. மரத்துக்கு மரம் தாவி வாழும் அந்த அணிலுக்கு மனிதன் செய்யத்தக்க பேருதவி, கிளைகள் ஒன்றோடொன்று பின்னிய காட்டை வெட்டாமல் விட்டுவைப்பதும் விலகி நிற்பதுமே ஆகும்.

பண்ணை விலங்கின் நிலை இதற்கு நேர்மாறானது. பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனுடன் வாழ்ந்து, அவன் தேவைக்கேற்ப உடலமைப்பே மாறிவிட்ட பசுவையோ கோழியையோ காட்டில் விட்டால் அதற்கு விடுதலை கிடைக்காது, அழிவே கிடைக்கும். எனவே, காட்டு விலங்கின்மீது காட்டும் கருணை ஒதுங்கி நிற்பதில் வெளிப்பட, வீட்டு விலங்கின்மீது காட்டும் கருணை பொறுப்பேற்பதில் வெளிப்படுகிறது. தீவனம், தண்ணீர், நிழல், மருத்துவம் ஆகிய நான்கையும் அதன் இறுதிநாள்வரை தருவதே கைவிடப்பட்ட பண்ணை விலங்குக் காப்பகத்தின் பணி.

கணக்கு சொல்லும் செய்தி

பசு தானாகப் பால் சுரப்பதில்லை. ஏறத்தாழ 280 நாள் சினைக்காலம் முடிந்து கன்று ஈன்ற பிறகே மடியில் பால் இறங்குகிறது. ஏறத்தாழ பத்துத் திங்கள் கறந்தபின் அது வற்றும். மீண்டும் பால் வேண்டுமெனில் மீண்டும் கன்று ஈன வேண்டும். பிறக்கும் கன்றுகளில் ஏறக்குறையப் பாதி கிடாரி, பாதி காளைக்கன்று என்பது இயற்கையின் பங்கீடு.

இனி, 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பைக் காண்போம். இந்தியாவின் மாட்டினத் தொகை 19.25 கோடி. அவற்றுள் பெண்மாடுகள் 14.51 கோடி, ஆண்மாடுகள் 4.74 கோடி. பிறப்பில் ஏறக்குறையச் சமமாக இருந்த எண்ணிக்கை, வாழ்வில் மூன்றுக்கு ஒன்று எனக் குறைந்துள்ளது. ஏர் பூட்டிய வயலில் டிராக்டர் இறங்கியது. பாரவண்டி சென்ற சாலையில் சரக்குந்து ஓடுகிறது. கமலை இறைத்த கிணற்றில் மின்மோட்டார் அமர்ந்துவிட்டது. உழைப்பதற்கு இடமில்லாத காளைக்கன்றுக்கு வளர்வதற்கும் இடமில்லாமற் போயிற்று. பெரும்பாலும் பெண்கன்றே பிறக்கும் வகையில் பிரித்தெடுக்கப்பட்ட உறைவிந்தைச் செயற்கைமுறைக் கருவூட்டலில் பயன்படுத்தும் முறை இன்று பரவி வருவதற்கும் இதுவே காரணம்.

பசுவின் நிலையும் முழுமையாகப் பாதுகாப்பானதன்று. 15 முதல் 20 ஆண்டுகள் வாழவல்ல பசு, கறவையாகப் பயன்தரும் காலம் அதன் பாதி வாழ்நாளில் முடிந்துவிடுவதுண்டு. சினைபிடிக்காத பசுவும், மடிநோயால் காம்பு கெட்ட பசுவும் அதற்கும் முன்பே சந்தைக்கு வருகின்றன. அங்கு அவற்றின் பெயர் ‘அடிமாடு’ என மாறிவிடுகிறது. விற்கவும் மனமின்றி வளர்க்கவும் வழியின்றி அவிழ்த்துவிடப்படுபவை தெருவுக்கு வருகின்றன. அதே கணக்கெடுப்பின்படி நாட்டில் உரிமையாளரின்றித் திரியும் மாடுகள் 50 இலட்சத்துக்கும் மேல்.

கோழியின் கணக்கு இன்னும் கடுமையானது. பண்ணைக் கோழியின் மூதாதையான காட்டுக்கோழி ஆண்டுக்குச் சில முட்டைகளே இட்டு அடைகாக்கும். இன்றைய முட்டைக்கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ 300 முட்டைகள் இடுமாறு உருவாக்கப்பட்டுள்ளது. முட்டையோட்டுக்குத் தேவையான சுண்ணாம்புச் சத்தின் ஒரு பகுதியை அது தன் எலும்பிலிருந்தே எடுத்துத் தருகிறது. ஏறத்தாழ ஒன்றரை வயதில் முட்டை குறையத் தொடங்கியதும் பண்ணையில் அதன் பயன் முடிந்துவிடுகிறது.

வாயுறையும் ஆவுரிஞ்சு தறியும்

வாயில்லா உயிரின் தேவையை ஊராரின் கடமையாகக் கருதும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. மரபாகச் சொல்லப்படும் முப்பத்திரண்டு அறங்களின் வரிசையில் ஆவுக்கு வாயுறை அளித்தல், விலங்குக்கு உணவளித்தல், ஆவுரிஞ்சு தறி நாட்டல் ஆகியன இடம்பெறுகின்றன. வாயுறை என்பது பசுவின் வாய்க்கு இடும் ஒரு பிடி புல். ஆவுரிஞ்சு தறி என்பது மேய்ச்சல் நிலத்திலும் நீர்நிலைக் கரையிலும் நடப்பட்ட கல். தினவெடுத்த உடலை மாடு தானாகச் சொறிந்துகொள்ள இயலாது என்பதைக் கண்டறிந்து, அதற்கெனக் கல் நட்டவர்களின் நுண்ணுணர்வு வியக்கத்தக்கது. மாட்டின் உரிமையாளர் யார் என்ற கேள்வி அந்தக் கல்லிடம் இல்லை.

மேற்கே குஜராத்துப் பகுதியில், சமணர்களும் வணிகர்களும் நலிந்த விலங்குகளுக்கெனப் ‘பிஞ்சராபோல்’ என்னும் காப்பிடங்களைப் பல நூற்றாண்டுகளாக நடத்தி வந்தனர். சென்னையின் அயனாவரத்தில் 1906ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சென்னை பிஞ்சராபோல் அம்மரபின் தொடர்ச்சியே. 1959ஆம் ஆண்டு, வானூர்தி ஓட்டுநரான கேப்டன் சுந்தரம் சென்னையில் நிறுவிய ‘இந்திய நீலச் சிலுவை’ அமைப்பு, அடிபட்ட நாய்களுக்கு மட்டுமன்றிக் கைவிடப்பட்ட மாடுகளுக்கும் அடைக்கலம் தந்து வருகிறது.

மேலைநாடுகளில் பண்ணை விலங்குகளுக்கெனத் தனிக் காப்பகம் அமைக்கும் முயற்சி ஓர் ஆட்டிலிருந்து வலுப்பெற்றது. 1986ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக் கால்நடைச் சந்தை ஒன்றின் பின்புறம், இறந்த விலங்குகளின் குவியலில் உயிருடன் ஓர் ஆடு கிடந்தது. அதனை எடுத்துச் சென்று மருத்துவம் செய்தபோது அது எழுந்து நின்றது. ‘ஹில்டா’ எனப் பெயரிடப்பட்ட அந்த ஆடு அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. அதனைக் காத்தோர் தொடங்கிய ‘ஃபார்ம் சாங்சுவரி’ என்னும் அமைப்பு, பின்னர்ப் பல நாடுகளில் தோன்றிய காப்பகங்களுக்கு முன்மாதிரியாயிற்று.

சட்டத்தின் குரல்

1822ஆம் ஆண்டு பிரித்தானிய நாடாளுமன்றம் இயற்றிய விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், மாடு, குதிரை, ஆடு போன்றவற்றைக் காப்பதற்காகவே எழுந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய விரிவான சட்டத்திற்காக வாதாடியவர் ஒரு தமிழ்ப்பெண்மணி. கலாசேத்திராவை நிறுவிய நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல், 1952ஆம் ஆண்டு மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அங்கு அவர் கொண்டுவந்த தனிநபர் முன்வரைவே 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிவகுத்தது. அச்சட்டத்தின்கீழ் 1962இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

பசியாலும் தாகத்தாலும் துன்புற நேரும் நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுதல் இச்சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். ஆயினும் முதன்முறைக் குற்றத்திற்கு அது விதித்த உச்சத் தண்டம் 50 ரூபாய். 1960இல் பொருட்படுத்தத்தக்கதாக இருந்த அத்தொகை, இன்று ஒரு மாட்டின் ஒருநாள் தீவனத்துக்கும் போதாது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தின் வழியாக அரசமைப்பில் சேர்க்கப்பட்ட அடிப்படைக் கடமைகளுள், உயிரினங்களிடம் இரக்கம் கொள்ளுதலும் ஒன்று. சட்டம் தண்டிக்கத் தயங்கும் இடத்தில் கடமையே துணையாக நிற்க வேண்டியுள்ளது.

தெரிந்து தெளிவோம்

பிரித்தானியாவில் 1965ஆம் ஆண்டு பிராம்பெல் குழு அளித்த அறிக்கையிலிருந்து வளர்ந்து, 1979இல் வரையறை பெற்றவை ‘ஐந்து விடுதலைகள்’. விலங்கு நலத்தை அளவிட உலகெங்கும் இவை பயன்படுகின்றன.
1. பசி, தாகத்திலிருந்து விடுதலை.
2. இருப்பிடத் தொல்லையிலிருந்து விடுதலை.
3. வலி, காயம், நோயிலிருந்து விடுதலை.
4. இயல்பான நடத்தையை வெளிப்படுத்தும் விடுதலை.
5. அச்சம், மன உளைச்சலிலிருந்து விடுதலை.

காப்பகத்தின் ஒருநாள்

மீட்டுக் கொண்டுவரப்படும் விலங்கு நேராக மந்தையில் சேர்க்கப்படுவதில்லை. கோமாரி, தோல்கழலை போன்ற தொற்றுநோய்கள் பரவாதிருக்க அது முதலில் தனித்தொழுவத்தில் வைக்கப்படுகிறது. காதில் 12 இலக்க எண்ணுடன் மஞ்சள் வில்லை இருந்தால் அதன் முந்தைய விவரங்களை அறியலாம். குளம்பு, மடி, பல், கண், தோல் எனத் தலைமுதல் கால்வரை ஆய்வு நடக்கும். கயிறு அறுத்த கழுத்துப் புண்ணும், லாடம் தேய்ந்து வெடித்த குளம்பும் மருந்திட்டுக் கட்டப்படும்.

தெருவில் திரிந்த மாட்டின் பெருந்துன்பம் வெளியே தெரிவதில்லை; அது வயிற்றுக்குள் இருக்கிறது. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. நாவால் சுழற்றி இழுத்து விழுங்கிப் பிறகு அசைபோடுவது அதன் இயல்பு. சோறும் தோலும் கட்டி எறியப்பட்ட நெகிழிப் பையைப் பிரித்துத் தின்ன அதனால் இயலாது, பையோடு விழுங்கும். நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளளவுடைய அசைவயிற்றில் நெகிழி செரிக்காமல் ஆண்டுக்கணக்கில் திரண்டு, தீவனத்துக்கு இடமில்லாமல் செய்துவிடும். வயிறு பருத்திருக்க, மாடு பட்டினியால் மெலியும். இடப்பக்க விலாவைத் திறந்து அறுவை செய்து, பல கிலோ நெகிழியை மருத்துவர்கள் எடுப்பதுண்டு. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடைசெய்ததன் பயனை உணர இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

தீவனமே காப்பகத்தின் பெருஞ்செலவு. வளர்ந்த மாடு ஒன்றுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ பசுந்தீவனமும் 5 கிலோ வைக்கோலோ சோளத்தட்டையோ தேவை. நூறு மாடுகள் உள்ள இடத்தில் உலர்தீவனம் மட்டுமே நாளொன்றுக்கு 500 கிலோ, ஆண்டுக்கு 182 டன்னுக்கும் மேல். மாட்டுக்கு 50 லிட்டர் எனக் கொண்டால் தண்ணீர் நாளொன்றுக்கு 5,000 லிட்டர். பருவமழையை நம்பியிருக்கும் வறண்ட நிலப்பகுதியில் கோடையில் இவ்வளவையும் திரட்டுவது எளிதன்று. வரவு என்று சொல்லத்தக்கது சாணம். நூறு மாடுகளின் சாணம் நாளுக்கு ஆயிரம் கிலோ கிடைப்பின் ஏறத்தாழ 40 கன மீட்டர் சாண எரிவாயு பெறலாம். எஞ்சிய கழிவு வயலுக்கு உரமாகும். பால் தராத மாடும் மண்ணுக்குத் தருகிறது.

காணச் செல்லும் மாணவர்க்கு

காப்பகம் காட்சிச்சாலையன்று, ஒருவகையில் மருத்துவமனையும் முதியோர் இல்லமும் இணைந்த இடம். அங்கு நடந்துகொள்ளும் முறையிலும் கல்வி உண்டு.

மாட்டின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால் சுற்றிலும் உள்ளதை அது காணும்; நேர் பின்புறம் மட்டும் அதற்குத் தெரியாது. ஆகவே பின்னாலிருந்து நெருங்குதல் கூடாது. தோள்பக்கமாக, மெல்லப் பேசிக்கொண்டு செல்ல வேண்டும். முன்பு அடிபட்ட விலங்கு, உயர்த்திய கையைக் கண்டாலே மிரளும். அது தானாக முகம் நீட்டும்வரை காத்திருப்பதே முறை. வீட்டிலிருந்து கொண்டுசென்ற சோற்றையோ அரிசியையோ பொறுப்பாளரின் ஒப்புதலின்றித் தருதல் தீங்காகும். மிகுதியான மாவுப்பொருள் அசைவயிற்றில் அமிலத்தைப் பெருக்கி உயிருக்கே ஊறு செய்யும். தொழுவத்தைவிட்டு வெளியேறியதும் கைகால்களைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும்.

உற்றுநோக்கவும் பல உள. படுத்திருக்கும் மாடு அசைபோடுகிறதா எனக் கவனியுங்கள். நலமான மாடு நாளில் ஆறு முதல் எட்டு மணிநேரம் அசைபோடும். ஒரு கவளத்தை எத்தனை முறை மெல்லுகிறது என எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மாடு எந்த மாட்டை நக்கிக்கொடுக்கிறது, தீவனத் தொட்டிக்கு எது முதலில் வருகிறது, எது ஒதுங்கி நிற்கிறது என்பவற்றைப் பாருங்கள். மந்தை என ஒரு சொல்லால் நாம் குறிப்பதற்குள் தனித்தனி இயல்புடைய உயிர்கள் இருப்பது புலப்படும். 2001ஆம் ஆண்டு கேம்பிரிட்சை அடுத்த பாப்ரகாம் நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, செம்மறியாடுகள் ஐம்பது ஆடுகளின் முகங்களை ஈராண்டுக்கும் மேலாக நினைவில் வைத்திருந்தன. ‘ஆட்டுமந்தை’ என்னும் ஏளனச் சொல்லை நாம் மறுபடி எண்ணிப் பார்க்கலாம்.

யார் பொறுப்பு?

கைவிட்டவரைப் பழிப்பது எளிது. இரண்டு கறவைகளை நம்பிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பால் வற்றிய பசுவுக்கும் கறவைப் பசுவுக்கும் பசி ஒன்றே, வரவு ஒன்றல்ல. வைக்கோலின் விலை ஏறுகிறது. மேய்ச்சல் நிலம் சுருங்குகிறது. புலிகள் வாழும் காட்டில் மந்தைகளை மேயவிட முடிவதில்லை. அந்தக் குடும்பம் பசுவைச் சந்தைக்கு ஓட்டிச் செல்லும் நாளில் வீட்டில் யாரும் சரியாக உண்பதில்லை என்பதைக் கால்நடை வளர்ப்போர் அறிவர்.

அவ்வாறாயின் பாலின் பயனை நுகர்வோர் பலராக இருக்க, வற்றிய மடியின் சுமையை மட்டும் ஒரு குடும்பமே ஏற்பது அறமாகுமா? காப்பகங்கள் இருப்பதனால் கைவிடுதல் பெருகும் என்பாரும் உண்டு. கன்று பிறக்குமுன்பே திட்டமிடாத வரையில் எத்தனை காப்பகங்களும் போதா என்பாரும் உண்டு. இவ்விரு கூற்றிலும் உண்மை இருக்கிறது. நுகர்வோர், பால் கூட்டுறவுச் சங்கம், உள்ளாட்சி அமைப்பு, அரசு ஆகிய நால்வரும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் வழிகளை ஆராய்வது உங்கள் தலைமுறையின் பணி. நம் முன்னோர் நட்ட ஆவுரிஞ்சு தறி ஊர்ப்பொதுவாக இருந்ததன் காரணம் இங்குத் தெளிவாகிறது.

பயன் உள்ளவரை பேணுதல் வணிகம். பயன் தீர்ந்தபின்னும் பேணுதல் நன்றி. ஒரு காப்பகத்தில் மாணவர் காண்பது அந்நன்றியின் விலை என்ன என்பதை. அது கிலோவிலும் லிட்டரிலும் மனித உழைப்பிலும் அளக்கத்தக்கது. அதனை அளந்தறிந்த ஒருவர், மறுநாள் காலை வீட்டுக் குப்பையை நெகிழிப் பையில் கட்டித் தெருவில் எறியமாட்டார். சாலையோரம் அடிபட்டுக் கிடக்கும் மாட்டைக் கண்டால் 1962 என்னும் கால்நடை மருத்துவ உதவி எண்ணை அழைக்காமல் கடந்து செல்லவும் மாட்டார்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் கால்நடை வளர்க்கும் மூவரைச் சந்தித்து, பால் வற்றிய மாட்டைப் பராமரிக்க ஒருநாளைக்கு ஆகும் செலவைக் கேட்டறிந்து அட்டவணைப்படுத்துக.
2. கிடாரி, சினை, அசைபோடுதல், மடிநோய், அடிமாடு போன்று கால்நடை வளர்ப்பில் வழங்கும் வட்டாரச் சொற்கள் இருபதைத் திரட்டிப் பொருள் எழுதுக.
3. ‘முதிர்ந்த கால்நடைகளைப் பேணும் பொறுப்பு உரிமையாளருக்கே உரியது – சமூகத்திற்கும் உரியது’ என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
4. காப்பகம் ஒன்றிலோ அண்மையிலுள்ள தொழுவத்திலோ ஒரு விலங்கை ஒரு மணிநேரம் உற்றுநோக்கி, ஐந்து விடுதலைகளுள் எவை அதற்குக் கிடைத்துள்ளன என ஒரு பக்க அறிக்கை எழுதுக.